மாப்பிள்ளை லிங்க்

மொசக்காட்டுப்புதூரில் விமானம் வந்து நின்றது ஒரு புதன்கிழமை, சந்தை நாள், தக்காளி யானை விலை விற்றுக்கொண்டிருந்த நேரம். ஆகவே அதைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் கையில் காலிப் பையோடும் வாயில் தக்காளிக்காரனுக்கான வசவோடும்தான் அண்ணாந்தார்கள். வளைகுடாவிலிருந்து கோயமுத்தூருக்கு இறங்க வந்த விமானம் அது. சக்கரங்களை நீட்டிக்கொண்டு, மாரியம்மன் கோயிலைத் தாண்டி, பெண்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டி, தினமும் எத்தனையோ விமானங்கள் போகிற அதே வழியில் தாழ்ந்து வந்து, பொங்கியண்ணன் ஒர்க்‌ஷாப்பின் மொட்டை மாடிக்கு மேலே ரெண்டு பனை உயரத்தில், ரயில்வே கேட் சாத்தியதைப் பார்த்த டவுன் பஸ் மாதிரி நின்றுவிட்டது. விழவில்லை, மேலே போகவுமில்லை, இஞ்சின்கள் இரண்டும் உம்மென்று ஓடிக்கொண்டிருக்க, நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தவர்கள், சரி, நிற்கிறது என்று முடிவு கட்டி மறுபடியும் தக்காளிக்காரனிடம் திரும்பினார்கள்.

அந்த நேரத்தில் ஒர்க்‌ஷாப்புக்குள் பரிமளா சின்னப் பித்தளைச் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தாள். மெஷின் சோதனையெல்லாம் முடிந்து வருகிற உருப்படியைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பது அவள் வேலை. நல்ல உருப்படி இழுத்துப் பாடும், உள்ளே விரிசல் விட்டது தொண்டை கட்டினவன் மாதிரி இருமும். பொங்கியண்ணன் முன்னே தண்ணீர் பம்புக்குப் பாகம் செய்தவர், இப்போது விமானத்துக்குச் செய்கிறார், ஆனால் பம்பு காலத்து வழக்கம் ஒன்றை மட்டும் விடவில்லை: தட்டி முடித்ததும் அந்த உருப்படியிடம் அதன் வேலை என்னவென்று ஒரு வார்த்தை சொல்லித்தான் பெட்டியில் வைக்க வேண்டும். வால்வுக்கு ‘மூடு’, ஷாஃப்டுக்கு ‘சுத்து’. என்ன வேலைக்குப் போகிறோம் என்று தெரியாமல் வெளியூர் போகிறவன் உருப்படமாட்டான் என்பது பொங்கியண்ணனின் சட்டம், அதை மீறி அங்கே ஒரு ஆணிகூட வெளியே போனதில்லை.

இஞ்சினை இறக்கையில் தொங்கவிடுகிற லிங்குகள்தான் இப்போது அங்கே முக்கிய வேலை. முழங்கை நீளம், இரண்டு முனையிலும் ஓட்டை, மூன்று சேர்ந்தால் ஒரு செட். ஓரத்து இரண்டும் இஞ்சினின் கனத்தைச் சுமக்கும். நடுவில் இருப்பது எதையும் சுமக்காது. அதன் ஓட்டை வேண்டுமென்றே கொஞ்சம் பெரியது, உள்ளே போகிற முளை அதன்மேல் படாமல் நிற்கும். ஓரத்தில் ஒன்று அறுந்தால் இஞ்சின் அந்த இடைவெளி அளவுக்குத் தொங்கி நடு லிங்கில் வந்து உட்காரும், அதுவரைக்கும் அதற்கு வேலை கிடையாது. கோயமுத்தூர்க்காரனுக்கு வேலையில் ஆட்டம் இருந்தால் ஆகாது, லொடலொடவென்று ஒரு சாமானைச் செய்து அனுப்புகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஆகவே ஆரம்பத்தில் ஒர்க்‌ஷாப்பே முணுமுணுத்தது, அப்புறம் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்துச் சமாதானமானது. வீட்டோடு மாப்பிள்ளை, சும்மா உட்கார்ந்திருப்பார், ஆனால் இல்லாமலும் முடியாது. ஓரத்து லிங்குகளிடம் பரிமளா சொல்கிற வார்த்தை ‘தாங்கு’. மாப்பிள்ளையிடம் சொல்வது ‘பொறு’.

வெளியே சத்தம் கேட்டு அவள் வந்து பார்த்தபோது அவளுக்கு முதலில் தெரிந்தது விமானமல்ல, இறக்கைக்குப் பின்னால் ஒரு ஜன்னலில் கண்ணாடியோடு மூக்கை அழுத்திக்கொண்டிருந்த அவள் புருஷன் சென்னியப்பன். கல்யாணமான மறுவருஷம் வளைகுடாவுக்கு வெல்டிங் வேலைக்குப் போனவன், ‘இன்னும் ஒரே ஒரு வருஷம்’ என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னவன், லீவில் வருகிற மாதத்தில் பாதியைச் சொந்தக்காரர் வீட்டு விருந்திலும் மீதியைத் தூக்கத்திலும் கழித்துவிட்டுப் பெட்டி கட்டுகிறவன். கெட்டவனில்லை, அதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். இந்தத் தடவை இறங்கின உடனே கேட்டேவிடுவது, இருக்கிறீர்களா போகிறீர்களா, இரண்டில் ஒன்று, என்று அவள் தீர்மானம் பண்ணி வைத்திருந்தாள். அவனோ இறங்காமல் தலைக்குமேல் நின்றான். அவள் இடுப்பில் போன் அடித்தது.

“பரிமளா, நிக்குதே,” என்றான்.

“தெரியுதுங். நீங்க சௌக்கியமா?”

“சௌக்கியந்தான். நீ என்ன, எளச்சுட்டயாட்ட இருக்குது?”

அவன் இதுவரை போனில் அப்படிக் கேட்டதில்லை, போனில் இளைப்பு தெரியாது என்பதும் ஒரு காரணம். பரிமளாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஏனென்றால் விமானச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசவேண்டியிருந்தது, தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. “அவ எளைக்கலீங்க மாப்ள, சேலை அப்படி,” என்று டீக்கடை சொர்ணக்கா போனுக்குள் எட்டிச் சொன்னாள்.

விமான நிலையத்து அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள், சுற்றிச் சுற்றி நடந்தார்கள், பறக்கிற விமானத்துக்கு விதி இருக்கிறது, விழுந்த விமானத்துக்கு விதி இருக்கிறது, நிற்கிற விமானத்துக்கு மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லி, சொர்ணக்காவிடம் டீ குடித்துவிட்டுப் போனார்கள். விமானி கேப்டன் குரியன் தன் பக்கத்துச் சின்ன ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார். ஆட்களை இறக்கிவிடக் கூடாதா என்று ஊர் கேட்டதற்கு, “மீட்டர் நோக்கியா ஸ்பீடு உண்டு. பறக்கிற விமானத்தில் கதவு திறக்கான் பற்றில்லா,” என்று மலையாளம் கலந்து கைவிரித்தார். அதைச் சொன்ன அதே ஜன்னல் வழியாக ஒரு கயிற்றை இறக்கினார். பொங்கியண்ணன் கப்பி மாட்டிக் கொடுக்க, அன்று மதியமே இட்லி அண்டா மேலே போனது, சட்னி தனித் தூக்கில்.

அப்புறம் எல்லாம் பழகிவிட்டது. மனுசனுக்கு எதுதான் பழகாது. இறக்கையின் நிழல் விழுகிற இடத்துக்குச் சந்தை இடம் மாறியது, நிழல் நகர நகரக் கடைகளும் நகர்ந்தன, காலையில் கோயில் பக்கம் வெங்காயம் வாங்கினவள் சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பக்கம் மீதிச் சில்லறையை வாங்கினாள். இஞ்சினின் வெந்த காற்று படுகிற மொட்டை மாடிகளில் வடகம் ஒரே நாளில் காய்ந்தது, அந்த மாடிக்காரிகளின் நடையே மாறியது. கைக்குழந்தைகள் இஞ்சின் சத்தத்தில் அசந்து தூங்கின, தூங்காத குழந்தையைப் பக்கத்து ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே விமானத்துக்குள் நடுவழியின் இரண்டு பக்கத்துக்கும் வடக்கு வீதி தெற்கு வீதி என்று பேராகி, ஜன்னல் ஓரத்தவர்களுக்கும் நடு சீட்டுக்காரர்களுக்கும் முறை வைத்து, வெள்ளிக்கிழமை ஒரு சின்ன பஜனையும் நடந்தது. பதினேழாம் வரிசையில் இருந்த நர்ஸ் பெண்ணைக் கீழேயிருந்த லேத்துக்காரப் பையனுக்குப் பார்த்து, தாம்பூலம் கப்பியில் ஏறி, பூ கப்பியில் இறங்கி, நிச்சயமே முடிந்தது. மற்ற விமானங்கள் பெரியவருக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி இறங்கிக்கொண்டிருந்தன.

பரிமளாவுக்கு மட்டும் அது பழக்கமாகவில்லை, தினமும் புதிதாகவே இருந்தது. வேலை முடிந்ததும் முகம் கழுவி, பூ வைத்து, ஒர்க்‌ஷாப் மாடிக்கு ஏறிப் போனை எடுப்பாள். மேலே அவன் தலைவாரிக்கொண்டு காத்திருப்பான். எங்கும் போகமுடியாத புருஷன், விருந்துக்குக் கூப்பிட முடியாத புருஷன், கண்ணெதிரே உட்கார்ந்து அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிற புருஷன் அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை. பாலைவனத்தில் மணல்காற்று அடித்தால் வெல்டிங் கண்ணாடிக்குள் எப்படி அழுகை வரும் என்று சொன்னான். அறையில் கூட இருப்பவன் குறட்டையைச் சொன்னான். அவள் தன் காதுக்கு எந்த விரிசலும் தப்பாது என்று பெருமையடித்தாள், கருவேப்பிலைச் செடி செத்ததைச் சொன்னாள், ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் சும்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதுதான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. கேட்கவேண்டிய கேள்வியை அவள் கேட்கவேயில்லை. நன்றாக இருக்கிற சமயத்தில் எவள் அதையெல்லாம் கேட்பாள்?

விமானம் ஏன் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். முதல்நாளே மாடியேறின உடனே, இடப்பக்கத்து இஞ்சின் ஒரு விரற்கடை கீழே தொங்கியிருப்பதைப் பார்த்துவிட்டாள். ஓரத்து லிங்க் ஒன்று அறுந்திருக்கிறது, இஞ்சின் மாப்பிள்ளைமேல் உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கோ அவள் சொல்லியனுப்பியது ஒரே வார்த்தை. பொறு என்றாள், அது பொறுத்தது. வேலை வந்து தலைமேல் உட்கார்ந்த பிறகும் என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றையே செய்துகொண்டு, இஞ்சினையும் இறக்கையையும் கேப்டன் குரியனையும் இட்லி அண்டாவையும் சேர்த்துப் பொறுக்க வைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு வார்த்தை சொன்னால் போய்விடும். பரிமளா சொல்லவில்லை, யாரிடமும் மூச்சு விடவுமில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தினமும் பூ வைத்துக்கொண்டு மாடியேறினாள்.

ஆனால் காதை என்ன செய்வது? மத்தியானக் காற்று வந்து இஞ்சினைக் கொஞ்சம் அசைக்கும், அப்போது மீதமிருக்கிற ஓரத்து லிங்கை முளை தட்டும், அத்தனை இரைச்சலிலும் அந்தத் தட்டு மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்கும். முதலில் இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது. பிறகு பாட்டுக் குறைந்தது. ஒரு நாள் மத்தியானம் அது இருமியது. பரிமளாவுக்குக் கையில் இருந்த சுத்தியல் நழுவிக் காலில் விழுந்தது, வலிகூடத் தெரியவில்லை. ஓரத்து லிங்கும் போனால் மாப்பிள்ளை ஒற்றை ஆள். மூன்றாவது பிடி என்பது முதல் பிடி விட்டுப்போனதும் பத்திரமாக இறங்கிக்கொள்வதற்காக வைத்தது, அதில் குடித்தனம் பண்ணுவதற்கு வைத்ததல்ல. இது அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் சும்மா இருந்தாள்.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது, வருகிற மாரியம்மன் நோன்பிக்கு விமானத்தின் இறக்கைக்குச் சீரியல் லைட் போடுவதா, வாலுக்கும் சேர்த்துப் போடுவதா என்பது பேச்சு. பரிமளா கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள்.

“லைட்டெல்லாம் வேண்டாமுங்க. அது உளுந்துரும்,” என்றாள்.

“இத்தன நாளா உளுகாதது இப்பத்தான் உளுகுதாக்கும்? அபசகுனமாப் பேசாதம்மணி,” என்றாள் சொர்ணக்கா.

“இத்தன நாளா உளுகாததுனாலதாங்க்கா. ஒண்ணு அறுந்து போச்சு, அடுத்தது விரிசல் உட்டுப்போச்சு. எனக்கு மொத நாளே தெரியும். என்ற வீட்டுக்காரரு கண்ணுக்கு முன்னால இருக்கறாருன்னு பேசாம இருந்துட்டன்.”

கூட்டம் அவளைத் திட்டவில்லை. வடகக்காரிகளும் நிழல் கடைக்காரர்களும் லேத்துக்காரப் பையனும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். யாருக்கும் அது போகவேண்டும் என்று ஆசையில்லை, அவரவருக்கு அவரவர் காரணம் இருந்தது. பொங்கியண்ணன்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “தெருலைட்டு மாட்டற லாரியக் கொண்டாரச் சொல்லுங்கப்பா,” என்றார்.

லாரியின் நீண்ட இரும்புக் கையின் நுனிக் கூடையில் பரிமளா ஏறினாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சுத்தியலை வாயில் கவ்விக்கொண்டு. ஊர் முழுக்கக் கீழே நின்று “பாத்து, பாத்து” என்றது. கூடை முதலில் சென்னியப்பன் ஜன்னலுக்கு நேரே போய் நின்றது. அவள் சொல்லவில்லை, லாரிக்காரனுக்கே விவரம் தெரிந்திருந்தது. நடுவில் கண்ணாடி மட்டும். இத்தனை கிட்டத்தில் பார்த்தபோது அவன் காதோரம் நரைத்திருந்தது, கீழேயிருந்து அது தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேரும் போனை எடுத்தார்கள்.

“பரிமளா, எறங்குனா ஒரு மாசந்தான் லீவு. பெறகு மறுக்கா அங்க, மறுக்கா போனு. இப்படியே இருந்துட்டா என்ன? எனக்கு இது நல்லா இருக்குது,” என்றான்.

“எனக்கும் நல்லாத்தான் இருக்குதுங்.”

“பெறகு?”

“நல்லா இருக்குதுன்னு உங்களச் சாகக் குடுக்க முடியுமா? பெல்ட்டப் போடுங்க. ரெண்டுல ஒண்ணு நீங்க முடிவு பண்ணுங்க. கீழ வந்து சொல்லுங்க. இங்க தொங்கிக்கிட்டுச் சொல்ல வேண்டாம்.”

கூடை நகர்ந்து இஞ்சினுக்கு மேலே போனது. சூடு முகத்தில் அடித்தது. லிங்குகள் இருந்த இடத்து மூடியைத் திறந்தாள், அறுந்த லிங்க் இரண்டாகப் பிரிந்து தொங்கியது, அடுத்ததை மெல்லத் தட்டினாள், இருமல்தான், சந்தேகமேயில்லை. நடுவில் மாப்பிள்ளை. அவள் கையிலிருந்து போன அதே உருப்படி, அத்தனை கனத்தையும் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது, அதைத் தட்டியபோது வந்த சத்தம் கணீரென்று நீண்டு பாடியது. பரிமளாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து அதனிடம் சொன்னாள்: “பொறுத்தது போதுஞ் சாமி. தாங்கு. தரையத் தொடற வரைக்கும் தாங்கு.”

விமானம் ஒரு குலுக்குக் குலுங்கியது. அவள் மூடியைச் சாத்திக் கையை எடுக்கவும், இஞ்சின்கள் குரலை ஏற்றவும், இட்லி அண்டாவின் கயிறு அறுந்து கேப்டன் குரியன் ஜன்னலைச் சாத்தவும் சரியாக இருந்தது. கூடையை இடிக்காமல், கல்யாணக் கூட்டத்தில் மாமனாரைத் தாண்டிப் போகிற மருமகள் மாதிரி ஒதுங்கி, விமானம் நகர்ந்தது, வேகம் பிடித்தது, போனது. கீழே ஊர் அப்படியே புரண்டு எழுந்தது. நிழல் போய்ச் சாயங்கால வெயில் பொத்தென்று விழ, வெங்காயம் போட்டது போட்டபடி, வடகம் காய்ந்தது காய்ந்தபடி, ஸ்கூட்டரிலும் டெம்போவிலும் டிராக்டரிலும் வெறுங்காலிலும் விமான நிலையத்துச் சுற்றுச்சுவரை நோக்கி ஊரே ஓடியது, லேத்துக்காரப் பையன் எல்லோருக்கும் முன்னால், சொர்ணக்கா கையில் டீ வடிகட்டியோடு யாரோ ஒருவன் பின்சீட்டில். பரிமளா கூடையிலேயே நின்றாள், அவளுக்குத்தான் எல்லாம் தெரிந்தது. ஓடுபாதையின் நுனி தெரிந்தது, அதில் இறங்குகிற விமானம் தெரிந்தது, இடது இஞ்சின் தொங்குவது தெரிந்தது. சக்கரத்தில் வெள்ளைப் புகை கிளம்பியது. விமானம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே மெதுவானது, நின்றது. சுற்றுச்சுவர்ப் பக்கமிருந்து ஊரின் சத்தம் அவள் காதுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரமானது. அவள் கூடைக்குள் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

வரவேற்கிற இடத்துக்கு அவள் போகவில்லை. விமான நிலையத்திலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் வந்திருந்தது, புது செட்டைக் கொண்டுவந்து இப்போதே மாட்டச் சொல்லி. மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, நர்ஸ் பெண்ணுக்கும் லேத்துக்காரப் பையனுக்கும் நடுவே சொந்தக்காரர்கள் புகுந்து புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பரிமளா விமான நிலையத்துப் பழுது பார்க்கிற கொட்டகையில் இருந்தாள். இஞ்சினைத் தனியாக இறக்கி வைத்திருந்தார்கள். விரிசல் விட்டதையும் மாப்பிள்ளையையும் கழற்றியாகிவிட்டது, மாப்பிள்ளையும் இனி மாட்ட லாயக்கில்லை, ஒருதரம் தாங்கியதை மறுபடி மாட்டக்கூடாது. மூன்று லிங்கும் மாட்டுகிற புதுச் சட்டத்தை அவள் ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், மறுபக்கம் பிடிக்க வேண்டிய பொங்கியண்ணன் கேட்டில் கையெழுத்துப் போடப் போனவர் இன்னும் திரும்பவில்லை. வாசலில் சென்னியப்பன் வந்து நின்றான். கையில் பெட்டி, கழுத்தில் யாரோ போட்ட மாலை, வெள்ளைச் சட்டை.

“எல்லாரும் அங்க இருக்கறாங்க. நீ ஏன் வல்ல?” என்றான்.

“வேல இருந்துதுங்.”

“எப்பத் திரும்பிப் போறேன்னு கேக்க மாட்டயா?”

“கேக்க மாட்டன்,” என்றாள். “போறதா இருந்தா பெட்டியக் கீழ வெக்காதீங்க. இருக்கறதா இருந்தா இந்தாங்க, அந்தப் பக்கம் புடிங்க. ஒத்தக் கையில எத்தன நேரம் நிக்கறது?”

சென்னியப்பன் பெட்டியை வைக்க இடம் பார்த்தான். கொட்டகை முழுக்க எங்கு பார்த்தாலும் எண்ணெயாக இருந்தது. எண்ணெயிலேயே வைத்துவிட்டு வந்து பிடித்தான்.